கருப்பனிடம் பயம் கேட்டேன்

என் மகள் தர்ஷினிக்கு இரண்டு காதும் கேட்காது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். "அதெல்லாம் இல்ல டாக்டர், எம்மக தைரியசாலி. வேட்டுச் சத்தத்துக்கே அசையாதவ" என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்துவிட்டது. வாயாடி என்று ஊரில் பேரெடுத்தவள் நான். அன்றைக்குத்தான் எனக்குப் பேச்சு நின்றது.

நம் கருப்பசாமி கோயில் கும்பாபிஷேக மலருக்கு ஆளுக்கு ஒரு அனுபவம் எழுதித் தரவேண்டும் என்று பங்காளிகள் கேட்டார்கள். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை, பேசித்தான் பழக்கம். பேசுகிற மாதிரியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இது பத்து வருஷத்துக் கதை.

கதை அந்த வேட்டில்தான் ஆரம்பிக்கிறது. தர்ஷினிக்குப் பதினோரு மாதம் ஆனபோது, மாசி மாதத்துக் குலசாமி கும்பிடான மாசிப் பச்சைக்கு எல்லோரும் கோயிலுக்கு வந்திருந்தோம். அங்கேயே மொட்டை போட்டுக் காது குத்துவது என்று முடிவு. என் அண்ணன் அழகர், தாய்மாமன் சீரோடு அவனியாபுரத்தில் இருந்து டெம்போவில் வந்து இறங்கினான். அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிறவன். அவன் அகராதியில் பயம் என்றால் அது கெட்ட வார்த்தை. அதனால் சீர்த்தட்டு, வாழைத்தார், கிடாயோடு ஒரு மூட்டை அதிர்வேட்டும் கொண்டுவந்திருந்தான்.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, பிள்ளையை அவன் மடியில் உட்கார வைத்தோம். ஆசாரி ஊசியை எடுக்கிற நேரம் பார்த்து வேட்டைப் பற்றவைத்தார்கள். தரையே அதிர்ந்தது. வேப்பமரத்துக் காக்காய் மொத்தமும் கலைந்து பறந்தது. கட்டியிருந்த கிடாய் கயிற்றை இழுத்தது. பக்கத்தில் இருந்த கைக்குழந்தைகள் எல்லாம் வீரிட்டன. ஆசாரிக்கே கை ஒரு குலுங்கு குலுங்கியது. தர்ஷினி மட்டும் மேலே போகிற புகையைப் பார்த்துச் சிரித்தாள்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீகளா? எம் மருமகளப் பாத்தீகளா? கருப்பன் ரத்தம்டா இது!" என்று கத்தினான். கூட்டம் கை தட்டியது. பூசாரி ஓடிவந்து அவள் நெற்றி நிறைய திருநீறு பூசி, "சாமி அம்சம் தாயி, சாதாரணப் புள்ள இல்ல" என்றார். நானும் பெருமையில் பூரித்துப்போய் நின்றேன். அன்றையில் இருந்து அவளுக்கு வீராயி என்று பேர் விழுந்தது. தர்ஷினி என்று நாங்கள் பார்த்துப் பார்த்து வைத்த பேரை யாரும் கூப்பிடவில்லை.

கூப்பிட்டால் அவள் திரும்பவில்லை, அது வேறு விஷயம். "திமிரப் பாரு, அவ அம்மா மாதிரியே" என்று சிரிப்பார்கள். பேச்சு வரவில்லையே என்றால், "நாக்குல வசம்பு தடவு", "தேனைத் தடவு", "பெரிய புத்திசாலிக லேட்டாத்தான் பேசும்" என்று ஆளாளுக்கு வைத்தியம். நானும் எல்லாவற்றையும் தடவினேன்.

அடுத்த பொங்கலுக்கு அவனியாபுரம் ஜல்லிக்கட்டுக்குப் போனோம். அண்ணன் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வாடிவாசலுக்குப் பக்கத்திலேயே நின்றான். மைக்கில் கத்துகிறார்கள், விசில் பறக்கிறது, ஒவ்வொரு மாடு வெளியே வரும்போதும் ஜனம் ஓவென்று எழும்புகிறது. நம்மவள் மாமன் தலைமேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். "தூங்குறா பாருடி! வீராயி!" என்று அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தச் சத்தத்தில் எந்தப் பிள்ளை தூங்கும்?

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் பின்னால் போய் நின்று கூப்பிட்டேன். கை தட்டினேன். தட்டைக் கரண்டியால் அடித்தேன். என் வீட்டுக்காரர் செந்தில், "ஏன்டி பிள்ளைய இந்தப் பாடு படுத்துற, விளையாட்டுல இருக்கா" என்றார். அவள் திரும்பவே இல்லை. நான் முன்னால் போய் நின்றதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்புறம்தான் ஆஸ்பத்திரி, பரிசோதனை எல்லாம். டாக்டர் அமைதியாகக் கேட்டார், "வீட்டுக்காரர் சொந்தமாம்மா?" ஆமாம், அத்தை மகன். என் அப்பாவோடு கூடப் பிறந்த அத்தைதான் எனக்கு மாமியார். "சொந்தத்துல கட்டுனா சில பிள்ளைகளுக்கு இப்படி வரலாம். யாரையும் குத்தம் சொல்லாதீங்க. மெஷின் வெச்சுப் பாப்போம். அதுல கேக்கலைன்னா ஆபரேஷன். ஆனா தள்ளிப்போடக் கூடாது. வயசு ஏற ஏற மூளைக்குச் சத்தம் பழகாது" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை தலையில் அடித்துக்கொண்டது. "எங்கண்ணன் மகளத்தான் கட்டணும்னு ஒத்தக்கால்ல நின்னவ நான்தான! பாவி, நானே எம் பேத்தி காத அடைச்சுட்டேனே!" நான் சண்டை போடத் தயாராகத்தான் வந்தேன். அதைப் பார்த்ததும் அடித்துக்கொள்கிற கையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று போனவர் அங்கேயே நின்றுகொண்டார். கேள்விப்பட்டு வந்த அண்ணன் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. டெம்போவில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். நான் போய்க் கூப்பிட்டேன்.

"எம்புட்டு வேட்டுப் போட்டேன் செல்வி" என்றான். "புள்ளைக்குக் காது கேக்கலைன்னு தெரியாம, ஊரே கூடிக் கை தட்டுனோமேடி."

அந்த ஒரு பேச்சு என்னைக் குத்திக் கிழித்துவிட்டது. அன்றைக்கு அழுதேன் பாருங்கள், அப்படி ஒரு அழுகை. கோயிலில் இனிமேல் தன் கையால் வேட்டுப் போடுவதில்லை என்று அவன் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. எங்கள் களத்தில் டிராக்டர் ரிவர்ஸில் வந்துகொண்டிருக்கிறது. பின்சக்கரத்துக்கு நேராக உட்கார்ந்து தர்ஷினி கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஓட்டுகிறவருக்குத் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் கத்துகிறோம். கத்தி என்ன செய்ய? வீட்டுக்காரர் பாய்ந்து போய் அவளை ஒரு கையால் அள்ளிக்கொண்டு உருண்டார். அவருக்கு முழங்கை பெயர்ந்துவிட்டது. அவள் அப்பா விளையாடுகிறார் என்று நினைத்துக் கெக்கலித்தாள்.

எனக்கு அன்றைக்கு ஒன்று விளங்கியது. என் பிள்ளைக்கு இருப்பது தைரியம் இல்லை, அவளுக்குப் பயப்படத் தெரியவில்லை. பயம் தெரியாத பிள்ளையை நான் எப்படி வாசல் தாண்டி அனுப்புவேன்? ரோட்டில் எப்படி விடுவேன்? எனக்குப் பிறகு யார் ஒவ்வொரு வண்டிக்கும் பாய்ந்து அவளைத் தூக்குவார்கள்?

ஒரு வெள்ளிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கோயிலில் ஈ காக்காய் இல்லை. பூசாரி மட்டும் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். கருப்பசாமியை உங்களுக்கெல்லாம் தெரியும். அந்த மீசை, அந்த முழி, ஓங்கின அரிவாள். மாடு பிடிக்கப் போகிறவன் வருகிறான், போலீஸ் செலக்‌ஷனுக்குப் போகிறவன் வருகிறான், கோர்ட்டுக்குப் போகிறவன் வருகிறான். எல்லோரும் கேட்பது ஒன்றுதான். நான் அவருக்கு நேராக நின்று சத்தமாகவே கேட்டேன். மனசுக்குள் முணுமுணுக்க எனக்கு வராது.

"கருப்பா, ஊரே உங்கிட்ட வந்து தைரியம் கேக்குது. எம்மகளுக்கு அது வேணாம். நீ குடுத்தேன்னு இவுக சொல்ற அந்தத் தைரியத்த நீயே திருப்பி எடுத்துக்க. அவளுக்குப் பயத்தக் குடு. வேட்டுப் போட்டா அவ பதறணும். வண்டி வந்தா ஒதுங்கணும். இடி இடிச்சா எங்கிட்ட ஓடி வரணும். இந்த வாசல்ல அவ பயந்து அழுத அன்னிக்கு, கட்டியிருக்கிற சேலையோட மண்ணுல உருண்டு உன்னையச் சுத்தி வாரேன். இது சத்தியம்."

பூசாரி துடைத்த விளக்கை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார். "தாயி, இம்புட்டு வருசத்துல இவருகிட்ட வந்து பயம் கேட்டவ நீ ஒருத்திதான்."

"குடுப்பாரா?"

"அவருகிட்டதான் அது கிடையாதே" என்று சிரித்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். அவர்தானே சாமி அம்சம் என்று திருநீறு பூசியவர். முகம் மாறிவிட்டது. "கேட்டுட்டேல்ல. எங்கிருந்தாச்சும் வாங்கியாவது குடுப்பாரு. போயிட்டு வா" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பம் மாறிய மாற்றத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. காதில் மாட்டுகிற மெஷின் வைத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. ஆபரேஷன்தான் என்று ஆனது. அதற்குப் பிறகு வாராவாரம் பயிற்சிக்கு வரவேண்டும், மதுரைக்குள் இருந்தால்தான் முடியும் என்றார்கள். மண்ணைத் தவிர வேறு எதுவும் தெரியாத என் வீட்டுக்காரர் ஒரே பேச்சில், "நிலத்தைக் குத்தகைக்கு விட்டுருவோம்" என்றார். வில்லாபுரத்தில் வாடகைக்கு வீடு பிடித்தோம். அவர் அவனியாபுரம் ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டப் போனார். முதல் மாதம் கியர் மாற்றும்போதெல்லாம் மாட்டை ஓட்டுகிற மாதிரி "ஹை" என்பாராம். பயணிகள் சிரிப்பார்கள். அத்தை ஊரை விட்டு வராது என்று நினைத்தேன். ஒரு சாக்கில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அரசுக் காப்பீட்டில், காதுக்குள் ஒரு கருவி வைக்கிற ஆபரேஷன் நடந்தது. அதற்காக ஒரு பக்கத் தலைமுடியை வழித்தார்கள். அத்தை அந்த முடியைக் குப்பையில் போட விடவில்லை. மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டது. "பாதி மொட்டையோ முழு மொட்டையோ, முடி கருப்பனுக்குத்தான்" என்றது. நர்ஸம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

புண் ஆறின பிறகு, வெளியே மாட்டுகிற மெஷினை முதல்முறையாக இயக்கிக் காட்டுவதற்குக் கூப்பிட்டிருந்தார்கள். குடும்பமே போனோம். எங்களுக்கு முன்னால் போன பிள்ளை மெஷினைப் போட்டதும் வீரிட்டு அழுதது. அதன் அம்மா சந்தோஷத்தில் கும்பிட்டாள். அடுத்தது எங்கள் முறை. மெஷினைப் போட்டார்கள். தர்ஷினி அங்கே விளையாடக் கொடுத்த மரமணியைக் கோத்துக்கொண்டே இருந்தாள். நான் கூப்பிட்டேன். அண்ணன் கூப்பிட்டான். அத்தை கூப்பிட்டது. அவள் தலையில் ஏதோ ஒட்டியிருக்கிறதே என்று தடவிப் பார்த்து, பிடுங்கித் தூர எறிந்தாள்.

நான் வராந்தாவில் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். கருப்பா, இதற்கா எங்களை ஊரை விட்டுக் கிளப்பினாய் என்று கேட்டேன். திட்டினேன் என்றே சொல்லலாம். பயிற்சி கொடுக்கிற டீச்சரம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"வழி இப்பத்தான் திறந்திருக்கு. சத்தம்னா என்னன்னே அவளுக்குத் தெரியாது. அதை நீங்கதான் அறிமுகப்படுத்தணும். காலைல இருந்து ராத்திரி வரைக்கும் அவகிட்ட வாய் ஓயாம பேசணும். செய்யுற ஒவ்வொரு வேலையையும் சொல்லிச் சொல்லிச் செய்யணும். உங்களால முடியுமாம்மா?"

அத்தை முந்திக்கொண்டது. "அவளால முடியுமாவா? அவ வாய மூடச் சொல்லித்தான் நாங்க இம்புட்டு நாளாத் தொண்டத் தண்ணி வத்திக் கிடக்கோம்!"

அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. சின்ன வயசில் இருந்து எந்த வாய்க்காக நான் திட்டு வாங்கினேனோ, அந்த வாய்தான் என் பிள்ளைக்கு மருந்து. இந்த வாயை எனக்கு முன்கூட்டியே கொடுத்து வைத்தது யார்? நினைத்தால் புல்லரிக்கிறது.

பேசினேன் பாருங்கள். வெங்காயம் உரித்தால் வெங்காயத்தைப் பற்றி, துணி துவைத்தால் துணியைப் பற்றி. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், யாரோடு இவ்வளவு பேசுகிறாள் என்று. சுவரில் பல்லி வந்தால், "ஆத்தாடி, பல்லி! அம்மாவுக்குப் பயம்! பயம்!" என்று குதித்துக் காட்டுவேன். உண்மையிலேயே எனக்குப் பல்லி என்றால் ஆகாது. அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். மெஷினைப் பிடுங்கி எறிவாள், நான் எடுத்து மாட்டுவேன். மறுபடி எறிவாள். வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, அலுப்போடு அலுப்பாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஏறின ஆள் இறங்கின ஆள் கதையெல்லாம் சொல்வார். முன்பெல்லாம் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன் அவர்.

ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் வத்தல் அள்ளிக்கொண்டிருந்தேன். அவள் என் காலடியில் இருந்தாள். திடீரென்று விளையாட்டை நிறுத்தினாள். தலையைத் தூக்கினாள். வானத்தில் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தாள், மறுபடி வானத்தைப் பார்த்தாள். அவனியாபுரம் பக்கமாகக் கையை நீட்டி "ஊ" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் மெல்ல அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ஏர்போர்ட்டில் இருந்து கிளம்பின ப்ளேன் எங்கள் வீட்டுக்கு மேலே வந்தது. அது போய் மறைகிற வரைக்கும் அவள் விரலை மடக்கவில்லை. வத்தலெல்லாம் கொட்டிவிட்டது. "ஏங்க! அத்தை! ஓடி வாங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கமே ஓடிவந்தது. என்னமோ ஏதோ என்று பதறி வந்தவர்களிடம், "எம்மகளுக்குக் கேட்டுருச்சு" என்று சொல்லத்தான் எனக்குத் தெரிந்தது.

இதோடு கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நான் கேட்டது இன்னும் வரவில்லை.

ஒரு நாள் எங்கள் சந்தில் தண்ணி லாரி ரிவர்ஸில் வந்தது. பின்னால் வரும்போது அது ஒரு பாட்டுப் போடும் அல்லவா, அந்தப் பாட்டு தர்ஷினிக்கு நன்றாகக் கேட்டது. கேட்டுத் திரும்பினாள். லாரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பக்கத்து வீட்டு அக்கா இழுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. டீச்சரம்மாவிடம் போய் அழுதேன். "அவளுக்கு எல்லாச் சத்தமும் ஒண்ணுதான் இப்ப. எதுக்குச் சிரிக்கணும், எதுக்கு ஒதுங்கணும்னு பிரிக்கத் தெரியல. அது நாம ஊட்ட முடியாது. தானா வரணும்" என்றார்கள். வேட்டு, பட்டாசுப் பக்கம் நாங்கள் அவளைக் கொண்டு போவதே இல்லை. தீபாவளிக்குப் பொறி பட்டுவிடும் என்று மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவோம். அவள் கையை நான் விடுவதே இல்லை. குளிக்கப் போனாலும் அத்தையிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போவேன். தினமும் விளக்கேற்றும்போது கருப்பனிடம் அதே பேச்சுத்தான். கேக்க வெச்சுட்ட, சரி. பயம் எங்க?

அந்தச் சமயத்தில்தான் இரண்டாவதாக உண்டானேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம். வீட்டில் ஒருவர் முகத்தையும் இன்னொருவர் பார்க்கவில்லை. இதுவும் அப்படியே பிறந்தால்? அத்தை சாப்பாட்டைக் குறைத்து, வெள்ளி செவ்வாய் விரதம் பிடித்தது. மகன் கவின் பிறந்தான். பிறந்த சூட்டோடு காது பரிசோதனை செய்யச் சொல்லிக் கேட்டோம். நல்லாக் கேட்கிறது என்று சொன்னார்கள். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். டிராக்டரில் இருந்து அவளைத் தூக்கின அன்றைக்குக்கூட அவர் அழுததில்லை.

கவினுக்கும் பதினோராம் மாதம் வந்தது. அதே கோயில், அதே வேப்பமரம். மொட்டை போட்டுக் காது குத்த எல்லோரும் கிளம்பினோம். அண்ணன் சீர் கொண்டுவந்தான். தட்டு, வாழைத்தார், கிடாய் எல்லாம் இருந்தது, வேட்டு இல்லை. மேளம்கூட மெதுவாகத்தான் சொல்லியிருந்தான். "என்ன மாப்ள, அழகரு கொண்டாந்த சீரா இது, சத்தத்தையே காணோம்?" என்று என் வீட்டுக்காரரிடம் யாரோ கிண்டல் செய்தார்கள்.

அண்ணன் கவினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தர்ஷினிக்கு அப்போது அஞ்சு வயது. அன்றைக்கு எனக்குக் கை ஒழியவில்லை, தட்டு எடுக்கக் குனிந்துவிட்டேன். அவள் வேப்பமரத்தடியில் தனியாக நின்று கிடாய்க்குத் தழை கொடுத்துக்கொண்டிருந்தாள். காதில் மெஷின் இருந்தது. ஆசாரி ஊசியை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்துக் கோயிலுக்குப் பின்பக்கம் பூமி அதிர்கிற மாதிரி ஒரு வேட்டு வெடித்தது. எங்களுடையது இல்லை. வேறு ஒரு குடும்பம், அவர்கள் வேண்டுதல், அவர்கள் வேட்டு. அவர்கள் வந்ததே எங்களுக்குத் தெரியாது. காக்காய் எல்லாம் கலைந்து பறந்தது. நான் தட்டைப் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

தர்ஷினியின் கையில் இருந்த தழை கீழே கிடந்தது. அவள் இரண்டு தோளும் தூக்கிக்கொண்டு நின்றாள். கண் அகலமாக விரிந்திருந்தது. உதடு கோணியது. அடுத்த வெடி வெடித்ததும், "மாமா!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். நேராக அண்ணன் மடிக்குள், ஏற்கெனவே அங்கே இருந்த தம்பியைத் தள்ளிவிட்டு நுழைந்தாள். அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீரிட்டாள்.

"மாமா, பயம்! பயம்!"

பல்லிக்கு நான் குதித்துக் காட்டிய அதே வார்த்தை. இவ்வளவு நாளும் சிரித்தாளே, அந்த வார்த்தைக்கு அர்த்தம் அவளுக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது.

அண்ணன் இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் அள்ளிக்கொண்டு எழுந்தான். மீசையெல்லாம் கண்ணீர். "பயந்துட்டா! எம் மருமக பயந்துட்டாடா!" என்று கோயில் பூராவும் கேட்கக் கத்தினான். காளை வளர்க்கிறவன், பயம் என்ற வார்த்தையை வாயில் எடுக்காதவன், அதைக் கொண்டாடிக்கொண்டு ஆடினான். வேட்டுப் போட்ட குடும்பத்துப் பெரியவர் ஓடிவந்தார். "தெரியாமப் போச்சுப்பா, பச்சப் புள்ளைக இருக்கிறத நாங்க பாக்கல. ஏப்பா, புள்ள பயந்து அழுகுது, நீ என்ன ஆடிக்கிட்டு இருக்க?" என்றார்.

"அண்ணே, இன்னொன்னு போடுங்கண்ணே!" என்றான் இவன்.

"ஏண்ணே, உனக்குக் கிறுக்கா! போதும்ண்ணே!" என்று நான் கத்தினேன். அத்தை நெடுஞ்சாண்கிடையாகக் கீழே விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அந்தப் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, பாவம்.

பூசாரி சன்னதியில் இருந்து இறங்கி வந்தார். என்னைப் பார்த்து ஒன்றுதான் சொன்னார். "வாங்கிட்டு வந்துட்டாரு தாயி."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நாங்கள் வேட்டே வேண்டாம் என்று வந்தோம். அவர் வேறு ஒரு குடும்பத்தின் கையால் வேட்டைக் கொண்டுவந்து, அதே மரத்தடியில், அதே ஊசி நேரத்தில், அதே மாமன் மடியில் அவளுக்குப் பயத்தைக் கொடுத்தார். கை தட்டி அவளைத் தவறாகப் புகழ்ந்த அதே இடத்தில். இதை எப்படித் தற்செயல் என்று சொல்வேன்? சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் அங்கே நின்றவள்.

அண்ணன் சீராக எடுத்துக் கொடுத்த பட்டுச்சேலை கட்டியிருந்தேன். அப்படியே கீழே படுத்தேன். "அடியே, பட்டுடீ!" என்று யாரோ கத்தினார்கள். மாசி வெயிலில் மண் கொதித்தது. ஒரு அக்கா குடத்துத் தண்ணீரை என்மேல் ஊற்றிக்கொண்டே வந்தாள். உருண்டேன். தர்ஷினிக்கு அழுகை நின்றுவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் கூடவே ஓடிவந்து, "அம்மா, அழுக்கு! அம்மா, அழுக்கு!" என்று என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். என் மகள் என்னை வாய்விட்டுத் திட்டிய முதல் திட்டு அது. சாமியைச் சுற்றி முடிக்கிற வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டே உருண்டேன்.

அந்த வருஷம்தான் முதல்முறையாக அவள் கையை விட்டேன். தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போய் வந்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. துள்ளி ஓரத்துக்குப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வண்டி போனதும் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்து வந்தாள். பார்த்தால் ஓட்டினது அவள் அப்பாதான். வேண்டுமென்றே அடித்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இப்போது ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். மற்ற பிள்ளைகளோடு சாதாரணப் பள்ளிக்கூடத்தில்தான். பேச்சில் சில எழுத்து இன்னும் வழுக்கும். அதனால் என்ன, பேசுவது நிற்பதில்லை. அத்தை இப்போது இரண்டு பேரிடமும் "வாய மூடுங்கடி" என்கிறது. யாரும் அவளை வீராயி என்று கூப்பிடுவதில்லை. அண்ணன் இப்போது மாசிப் பச்சைக்கு வேட்டுக் கொண்டுவருகிறான். பற்றவைப்பதற்கு முன்னால் முதலில் அவளைத் தேடிப் போய், "மருமகளே, வைக்கப் போறேன், காதப் பொத்திக்க" என்று சொல்லிவிட்டுத்தான் பற்றவைப்பான்.

எங்கள் வீட்டில் எல்லோருமே மாறிவிட்டோம். மண்ணில் இருந்தவர்கள் டவுனுக்கு வந்தோம். பேசாதவர் பேசுகிறார். கட்டி வைத்த பாவத்தை நினைத்து அழுத அத்தை, சொந்தத்தில் பெண் பார்க்கிறவர்கள் வீட்டுக்குப் போய், முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று சண்டை போட்டுவிட்டு வருகிறது. நான் மட்டும் மாறவில்லை. அதே வாய்தான்.

கருப்பனை நம்பி வருகிற உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். அவர் முன்னால் போய் நின்றால் ஊரே கேட்பதைக் கேட்காதீர்கள். உங்கள் வீட்டுக்கு எது இல்லையோ அதைக் கேளுங்கள். அது அவரிடமே இல்லாததாக இருந்தாலும் கேளுங்கள். கூப்பிட்டுப் பிள்ளை திரும்பவில்லை என்றால் சாமி அம்சம் என்று இருந்துவிடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஓடுகிற வழியிலும் அவர் இருப்பார், ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இருப்பார். திட்டினாலும் கோபிக்க மாட்டார். நான் திட்டியிருக்கிறேன், தெரியும்.

போன வாரம் நல்ல மழை. ஒரு பெரிய இடி இடித்தது. உள்ளே படித்துக்கொண்டிருந்த தர்ஷினி புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து, இவ்வளவு பெரிய பெண், என் முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். "அம்மா, பயமா இருக்கும்மா" என்றாள். ஊரில் எல்லா அம்மாவும் பிள்ளையிடம் சொல்கிற ஒரு வார்த்தை இருக்கிறது, பயப்படாதே என்று. இன்று வரைக்கும் நான் அதை அவளிடம் சொன்னதில்லை.